கழிவையும் சுமந்து செல்லும் வீடு



நியூசிலாந்து என்றதும் உங்கள் நினைவுக்கு எது வருகிறது? பால்மாவு டின்னில் இருக்கும் பசுவும் பசும்புல்லுமா? ஆட்டு மந்தைகளா? பனி மூடிய மலைகளா? அவையெல்லாம் இந்தக் கட்டுரையில் வரும். ஆனால், அவற்றைவிட அதிகமாகப் பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பற்றியும் கக்கூஸ் தொட்டியைப் பற்றியும்தான் சொல்லப்போகிறேன். முகம் சுளிக்காதீர்கள். படித்து முடித்த பிறகு, சுளிக்கத்தான் வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தோட்டத்தில் பிறந்து, லயத்து விளக்கொளியில் படித்து முன்னேறிய நம் பிள்ளைகள் பலர் இன்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேலை பார்க்கிறார்கள். "அம்மா, அப்பா, ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்" என்று அழைக்கிறார்கள். போனால், "ஓட்டல் செலவு அதிகம். வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஊரைச் சுற்றலாம்" என்கிறார்கள். அந்த வண்டியைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லதல்லவா?

வண்டிக்குள் ஒரு வீடு

அங்குள்ளவர்கள் இதை 'கேம்பர்வேன்' என்றும், சற்றுப் பெரியதாக இருந்தால் 'மோட்டார் ஹோம்' என்றும் சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சிறிய லாரி போல இருக்கும். உள்ளே ஏறினால் கேஸ் அடுப்பு, ஐஸ்பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி, சாப்பிட மேசை, இரவில் விரித்துக்கொள்ளப் படுக்கை எல்லாம் இருக்கும். ஒரு மூலையில் அலமாரி அளவுக்கு ஒரு கதவு. அதைத் திறந்தால் கழிப்பறை. பெரிய வண்டியானால் அதிலேயே குளிக்கவும் செய்யலாம். நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால், நம்மவர்களுக்குச் சாலையில் தடுமாற்றம் இருக்காது.

தென்தீவில் உள்ள கிரைஸ்ட்சர்ச் நகரில் வண்டியை எடுத்துக்கொண்டு பலரும் செல்லும் பாதை ஒன்று உண்டு. முதலில் கேன்டர்பரி சமவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் வயலும் வேலியும் ஆடும் மாடும். ஜெரால்டின், ஃபேர்லி என்ற சிற்றூர்களைத் தாண்டி, பர்க்ஸ் கணவாயைக் கடந்து மேலே ஏறினால், மரங்கள் குறைந்து பழுப்பு நிறப் புல்வெளி விரிகிறது. சுமார் 230 கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஒரு வளைவில் டெக்காபோ ஏரி தெரியும்.

அந்த நிறத்தை என்னவென்று சொல்ல! நீலமும் அல்ல, பச்சையும் அல்ல. நீலச் சாயத்தில் பாலைக் கலந்தது போன்ற நிறம். மலைமேல் இருக்கும் பனியாறுகள் நகரும்போது பாறையை மாவாக அரைத்துவிடுகின்றன. அந்தப் பாறை மாவு தண்ணீரில் மிதந்து, வெயில் பட்டதும் இந்த நிறத்தைக் காட்டுகிறது. கரையில் 1935-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட சிறிய கல் தேவாலயம் ஒன்று நிற்கிறது. பெயர் நல்லாயன் தேவாலயம். பீடத்துக்குப் பின்னால் பெரிய கண்ணாடிச் சன்னல். அதன் வழியே ஏரியும் மலையும் தெரியும். அருகிலேயே ஆட்டு மந்தையைக் காத்த நாய்களுக்கு ஒரு வெண்கலச் சிலை. உழைத்த நாய்க்கும் சிலை வைத்த ஊர் அது.

அங்கிருந்து புக்காக்கி ஏரி. அதன் கரையோரமாகப் போனால் அவோராக்கி எனப்படும் குக் மலை. உயரம் 3,724 மீட்டர். நம் கினபாலு மலை 4,095 மீட்டர். உயரத்தில் கினபாலுதான் பெரியது. ஆனால் அவோராக்கியில் ஆண்டு முழுவதும் பனி உறைந்திருக்கும். அங்குள்ள மவோரி மக்களில் ங்காய் தாஹு பிரிவினருக்கு இந்த மலை வெறும் மலையல்ல, குல முன்னோர். 1998-ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கமும் மவோரிப் பெயரை முன்னால் வைத்தே மலையைக் குறிப்பிடுகிறது.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

ஏரியின் அழகைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

டெக்காபோ ஏரியின் தண்ணீர் குழாய் வழியாகவும் கால்வாய் வழியாகவும் புக்காக்கிக்கு வருகிறது. அங்கிருந்து மறுபடியும் கால்வாய்கள், அணைகள். ஒன்றன்பின் ஒன்றாக எட்டு மின் நிலையங்களைச் சுழற்றிவிட்டு, வைட்டாக்கி ஆறாகக் கடலை நோக்கி ஓடுகிறது. வழியில் கால்வாய்களில் சால்மன் மீன் வளர்க்கிறார்கள். கடற்கரையில் உள்ள ஒமாரு நகர மக்கள் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். மேலே ஒருவர் கொட்டுவது கீழே இன்னொருவர் வீட்டுக் குழாய்ப் பக்கம் போகும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இந்த மின் திட்டத்தோடு ஒரு தொழிலாளர் கதையும் சேர்ந்திருக்கிறது. தோட்டத்து வாசகர்கள் அறிய வேண்டிய கதை. அணைக்கட்டு வேலைக்கு வந்த தொழிலாளர்களுக்காக 1968-ஆம் ஆண்டில் ட்வைசல் என்ற ஊரைக் கட்டினார்கள். வேலை முடிந்ததும் வீடுகளைப் பெயர்த்துவிட்டு ஊரையே இல்லாமல் செய்துவிடுவது திட்டம். ஆனால் அங்கே குடியிருந்தவர்கள், "இது எங்கள் ஊர். நாங்கள் போகமாட்டோம்" என்று போராடினார்கள். 1983-ஆம் ஆண்டில் ஊர் நிலைத்தது. இன்று உல்லாசப் பயணிகள் எல்லாம் அந்த ஊரில்தான் நின்று சாமான் வாங்குகிறார்கள். தோட்டம் கைமாறும்போது லயத்தைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தைப் பார்த்த குடும்பங்களுக்கு, ட்வைசலின் வெற்றி எவ்வளவு பெரியது என்று தெரியும்.

மூன்று தொட்டிகள்

இப்போது வண்டிக்கு வருவோம். வீட்டு வண்டியில் தண்ணீருக்கு மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, நல்ல தண்ணீர்த் தொட்டி. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் இதிலிருந்துதான்.

இரண்டாவது, பாத்திரம் கழுவியதும் குளித்ததுமான தண்ணீர் போய்ச் சேரும் தொட்டி. நிறத்தை வைத்து இதை 'சாம்பல் தண்ணீர்' என்கிறார்கள்.

மூன்றாவது, கழிப்பறைத் தொட்டி. இதற்குக் 'கறுப்புத் தண்ணீர்' என்று பெயர். வாடகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் இது ஒரு பெட்டி போல இருக்கும். வண்டியின் வெளிப்புறத்தில் உள்ள சிறு கதவைத் திறந்து வெளியே இழுத்துவிடலாம். 20 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும். நிறைந்தால், நிறைந்த பால் வாளியைத் தூக்கியவர்களுக்குத் தெரிந்த கனம்தான். சக்கரமும் கைப்பிடியும் வைத்திருப்பதால் பயணப் பெட்டி போல இழுத்துச் செல்லலாம்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் நல்ல தண்ணீர், அப்படி மூன்று நாளைக்கு வண்டியில் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதே அளவு அழுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கவும் தொட்டி வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 48 லிட்டர். இது குறைந்த அளவு. வாடகை வண்டிகளில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கினால் இரண்டாம் நாளே தொட்டி காலியாகிவிடும். விடியற்காலையில் பொதுக் குழாயடியில் தகரத்தை வரிசையில் வைத்துத் தண்ணீர் பிடித்த நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை யாரும் கற்றுத்தர வேண்டாம். ஒரு குவளை தண்ணீரில் மூன்று பாத்திரம் கழுவத் தெரிந்தவர்கள் அவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

விடுதியில் தங்காமல், பணம் கட்டாமல், பொது இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்குவதை முறைப்படுத்த 2011-ஆம் ஆண்டில் நியூசிலாந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. பயணிகள் சிலர் புதர் மறைவிலும் ஆற்றங்கரையிலும் அசுத்தம் செய்துவிட்டுப் போனதைக் கண்டு ஊர்மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள். 2023-ஆம் ஆண்டில் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தொட்டிகள் ஒழுகக் கூடாது. மூடியுள்ள குப்பைத்தொட்டி வேண்டும். இவை சரியாக இருந்தால் பச்சை நிற வாரண்ட் அட்டை கிடைக்கும். வண்டியை எடுக்கும்போது இந்த அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அட்டை இருந்தாலும் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அந்தந்த ஊராட்சி அனுமதித்த இடமா என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். தவறினால் அபராதச் சீட்டு வரும்.

மவோரி மக்களின் நம்பிக்கையும் இதோடு ஒத்துப்போகிறது. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஏரிக்கும் ஓர் உயிராற்றல் உண்டு. மனிதக் கழிவு நேராகத் தண்ணீரில் கலந்தால் அது கெட்டுவிடும் என்பது அவர்கள் கருத்து. சாப்பிடும் மேசைமேல் உட்காரமாட்டார்கள். சமையல் துணியை உடுத்தும் துணியோடு சேர்த்துத் துவைக்கமாட்டார்கள். நம் பாட்டிமார்கள் வீட்டிலும் இப்படித்தானே!

கொட்டும் நிலையம்

சரி, நிறைந்த தொட்டியை எங்கே காலி செய்வது? அதற்கென்றே ஊருக்கு ஊர் 'டம்ப் ஸ்டேஷன்' என்ற கழிவு கொட்டும் நிலையங்கள் இருக்கின்றன. வண்டியிலிருந்து சொட்டு விழுவது போன்ற படம் போட்ட பலகை வழிகாட்டும். தரையில் மூடியுள்ள ஒரு குழி, பக்கத்தில் கழுவுவதற்கு ஒரு குழாய். அவ்வளவுதான். அதில் கொட்டுவது சுத்திகரிப்பு இடத்துக்குப் போய்விடும். தெருவோரத்து மழைக் கால்வாயில் கொட்டவே கூடாது. அது நேராக ஆற்றுக்குப் போகிறது.

ஒரு சிற்றூரில் இந்த நிலையத்துக்கு முன்னால் எங்கள் வண்டியும் வரிசையில் நின்றது. எங்களோடு வந்திருந்த என் அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பால் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய தகப்பனார் ஒரு பட்டணத்து நகராண்மைக் கழகத்தில் வாளிக் கக்கூஸ் அள்ளியவர். வண்டியை ஓட்டி வந்த பேரன் எஞ்சினியர். அவன் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கியதும் அத்தை பதறி எழுந்துவிட்டார்.

"நீ போகாத ஐயா, நான் கொட்டிட்டு வர்றேன். படிச்ச புள்ள தொடுற வேலையா இது?"

"இல்ல பாட்டி, இங்க அவங்கவங்க அழுக்க அவங்கவங்கதான் கொட்டணும். அங்க பாருங்க."

அத்தை சன்னல் வழியாகப் பார்த்தார். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் நல்ல சட்டை போட்ட ஒருவர், அடுத்தவரோடு வானிலை பற்றிப் பேசிக்கொண்டே தம்முடைய பெட்டியோடு நின்றார். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. யாரும் தலை குனியவும் இல்லை. கொட்டி முடித்த அம்மாள், குழாயைத் திறந்து அந்த இடத்தைச் சுற்றிக் கழுவிவிட்டு, மூடியைப் போட்டுவிட்டுப் போனார்.

"அடுத்து வர்றவனுக்காகக் கழுவி விட்டுட்டுப் போறா பாரு" என்றார் அத்தை. பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நம் இனத்தார் எத்தனையோ பேர் அன்றைய மலாயாவிலும் சிங்கப்பூரிலும் துப்புரவு வேலை பார்த்தார்கள். சிங்கப்பூரில் வாளிக் கக்கூஸ் முறை 1987-ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. பிறருடைய அழுக்கை எடுத்தவரை ஊர் தள்ளி நிறுத்தியது. அழுக்கைச் செய்தவர் மட்டும் சுத்தமானவராகவே இருந்தார். அந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்பதை, ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் பத்து நிமிட வரிசையும் காட்டிவிடுகின்றன.

காலி செய்யும் முறை

முதலில் கையுறை. பெட்டியை இழுக்கும் முன், கழிப்பறைக்கு அடியில் உள்ள தகடு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடாமல் இழுத்தால் வராது. வலிந்து இழுத்தால் உடைந்துவிடும். நிறைந்துவிட்டதைக் காட்ட ஒரு சிறு விளக்கு எரியும். அது எரியும் வரை காத்திருக்காமல், நான்கு பேர் என்றால் தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டிவிடுவது நல்லது.

பெட்டியின் மூக்கைக் குழிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றுங்கள். சாய்த்து ஊற்றும்போது காற்று போவதற்கென்று உள்ள பொத்தானை அழுத்திக்கொள்ள வேண்டும். அழுத்தாவிட்டால் 'களக் களக்' என்று தெறிக்கும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, மறுபடியும் ஊற்றுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் சுத்தமாகிவிடும். கடைசியில் இரண்டு லிட்டர் தண்ணீரும், அதற்கென்று விற்கும் மருந்தும் விட்டுப் பெட்டியைப் பழைய இடத்தில் தள்ளிவிடுங்கள். மருந்து வாங்கும்போது ஃபார்மால்டிஹைட் கலக்காததாகப் பாருங்கள். அது கழிவை மக்கச் செய்யும் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுகிறது.

சில பெரிய வண்டிகளில் கழிப்பறைத் தொட்டியும் வண்டியோடு சேர்ந்தே இருக்கும். அதைக் குழாய் மாட்டி வால்வைத் திறந்து காலி செய்ய வேண்டும். அப்போது கறுப்புத் தண்ணீரை முதலில் விடுங்கள். சாம்பல் தண்ணீரை இரண்டாவதாக விட்டால் அது குழாயையும் கழுவிக்கொண்டு போகும். இந்த வகைத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிப்போய்க் கெட்டியானது உள்ளே குவிந்துவிடும்.

நிலையத்தில் இரண்டு குழாய்கள் இருந்தால் பலகையைப் படியுங்கள். ஒன்று கழிவுப் பெட்டி கழுவ. மற்றது குடிதண்ணீர் பிடிக்க. கழிவுக்குத் தொட்ட ரப்பர் குழாயும் கையுறையும் நல்ல தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது. நல்ல தண்ணீர் பிடிப்பதாக இருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிடியுங்கள்.

நம் சமையலும் தொட்டி நாற்றமும்

பலரும் கழிப்பறைத் தொட்டிதான் நாறும் என்று நினைக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் சாம்பல் தண்ணீர்த் தொட்டிதான் அதைவிட மோசமாக நாறும். காரணம், எண்ணெயும் சோற்றுப் பருக்கையும். அதிலும் நம் சமையல்! தாளித்த கடுகு, கறிவேப்பிலை, ரசத்து மண்டி, கோழிக் குழம்பின் எண்ணெய் எல்லாம் உள்ளே போய்ப் படிந்தால் இரண்டே நாளில் மூடியைத் திறக்க முடியாது.

ஆகவே, சாப்பிட்ட தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். தொட்டியின் வாயில் சிறிய வலை போடுங்கள். பொரித்த எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றி, ஆறியதும் குப்பையோடு சேருங்கள். கொட்டும் நிலையத்தில் சாம்பல் தண்ணீரை விட்ட பிறகு, வெந்நீரில் சிறிது பாத்திரச் சோப்பைக் கலந்து உள்ளே ஊற்றிவிட்டு அடுத்த நிலையம் வரை ஓட்டுங்கள். வண்டி குலுங்கும்போது தொட்டி தானே கழுவிக்கொள்ளும். வண்டி ஓடும்போது கழுவும் தொட்டியை அடைத்து வைத்தால் நாற்றம் உள்ளே வராது. குளிக்கும் இடத்தில் அழுக்குத் தண்ணீர் மேலே ஏறி நின்றால், தொட்டி நிறைந்துவிட்டது என்று பொருள்.

கழிப்பறையில் மெல்லிய கழிப்பறைக் காகிதம் தவிர வேறொன்றும் போடக் கூடாது. ஈரத் துடைப்பான், பிள்ளைகளின் நாப்பி, பெண்களின் பஞ்சு எல்லாம் குப்பைக்குத்தான். தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்தால் ஒழுகும். அதற்கென்று விற்கும் எண்ணெயைத் தடவுங்கள். வாசலின் தடவினால் ரப்பர் கெட்டுவிடும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே குளிர்காலம். இரவில் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிப்பதும் உண்டு. அந்த மாதங்களில் போனால், என்ன செய்ய வேண்டும் என்று வண்டிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தொட்டிகள் காலியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அதற்கும் வெள்ளி வாங்குவார்கள்.

நாம் கற்க வேண்டியது

நியூசிலாந்துக்குப் போக எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைக்காது. அதனால் என்ன? விடுமுறை நாளில் அருவிக்குப் போகிறோம். பஸ் பிடித்துக் கோயில் திருவிழாவுக்குப் போகிறோம். ஆற்றோரத்தில் நம் சோற்றுப் பொட்டலங்களையும் பிள்ளையின் நாப்பியையும் விட்டுவிட்டு வந்தால், அவற்றை எடுக்க ஒருவர் வருவார். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுப் பின்புறத்தில் மலத்தொட்டி இருந்தால், அது பொங்கி வழிந்து கால்வாயில் கலக்கும் வரை காத்திருக்காமல், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆளை அழைத்து வாரிவிட வேண்டும். அந்த வேலைக்கு வருகிறவருக்கு ஒரு குவளை கோப்பி கொடுத்து, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லவும் வேண்டும்.

போகிற இடமெல்லாம் நம் அழுக்கு நம்மோடுதான் வரும். சேர வேண்டிய இடத்தில் அதைச் சேர்த்துவிட்டு, அடுத்து வருகிறவருக்காக ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வருவோம். இதற்கு விமானச் சீட்டு வேண்டியதில்லை.